இரகசியத்தை உடைப்பதிலிருந்து தொடங்குங்கள்: ஆபாசப் படங்களின் பிடியில் இருக்கும் கொழும்புக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாலிபர் முகாம்களின் கடைசி இரவு எல்லாச் சபைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். விளக்குகளைக் குறைப்பார்கள், பாட்டு மெதுவாகும், "இன்றிரவு ஒரு தீர்மானம் எடுங்கள்" என்று போதகர் அழைப்பார். முழங்காலில் நின்று அழுகிறவர்களில் பலர் மனதுக்குள் எடுக்கும் தீர்மானம் ஒன்றேதான்: இனிமேல் அந்தப் படங்களைப் பார்க்க மாட்டேன். அந்தக் கண்ணீர் உண்மையானது. ஆனாலும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள போடிங் அறைக்குத் திரும்பிச் சில நாட்களில் பழையபடி விழுகிறார்கள். "கடவுளுக்கே பொய் சொல்லிவிட்டேனே" என்ற வெட்கத்தில் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கும் போவதில்லை.

தங்கள் போராட்டத்தை என்னிடம் சொன்ன வாலிபர்களிடமும் திருமணமானவர்களிடமும் நான் கேட்டதெல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அந்தத் தீர்மானத்தை அவர்கள் தனியாக எடுத்தார்கள், தனியாகக் காக்கப் பார்த்தார்கள், தனியாக உடைத்தார்கள். முதலிலிருந்து கடைசிவரை வேறெவருக்கும் தெரியாது. இந்தப் பாவனை வளர்வதே அந்தத் தெரியாமையில்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் பொருத்தனைக்கு இடமில்லை. "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி 5:5 சொல்கிறது. புதிதாகச் சத்தியம் பண்ண வேண்டாம். கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

பெண்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இது ஆண்களின் பாவம் என்று பிரசங்க மேடையில் பேசிப் பேசியே, இதில் அகப்பட்ட தங்கைமாருக்கு வாய் திறக்க இடமில்லாமல் செய்துவிட்டோம்.

முதல் படி: எது பாவம், எது பாவமில்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பாலுணர்வு கடவுள் தந்தது. ஒரு நினைப்பு மனதில் வந்து போவது சோதனை. சோதிக்கப்படுவது பாவமல்ல. இயேசுவே "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" ஆசாரியர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நினைப்பு வந்த உடனேயே "நான் விழுந்துவிட்டேன், இனி என்ன" என்று போனைக் கையில் எடுக்கிறவர்கள் அதிகம். அந்த நிமிடத்தில் நீங்கள் இன்னும் விழவில்லை.

பாவம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதையும் இயேசு மறைக்கவில்லை. "ஒரு ஸ்திரீயை இச்சையோடு பார்க்கிற எவனும் தன் இருதயத்தில் அவளோடே விபசாரஞ்செய்தாயிற்று" என்ற மத்தேயு 5:28ஐ எத்தனையோ தரம் கேட்டிருப்பீர்கள். அதில் அவர் பெண்ணின் உடுப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பார்க்கிறவனின் கண்ணையும் இருதயத்தையும்தான் பிடிக்கிறார்.

திரையில் தெரிவது ஒரு ஆள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2354ஆம் பத்தியில் ஆபாசத்தைக் கனமான குற்றம் என்று சொல்வதற்குக் காட்டும் காரணங்களில் இதுவும் ஒன்று: நடிக்கிறவர், விற்கிறவர், பார்க்கிறவர் என்று அதில் தொடர்புபட்ட எல்லோருடைய மாண்பையும் அது காயப்படுத்துகிறது. வற்புறுத்தி எடுத்தது, ஏமாற்றி எடுத்தது, மறைத்துவைத்த கமராவில் எடுத்தது எது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வழியில்லை. நம் ஊர் நிலைமை இன்னும் மோசம். காதலனை நம்பி அனுப்பிய படம், பிரிந்த பிறகு டெலிகிராமில் ஓடுகிறது. "லீக்" என்ற பெயரில் அது வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தால், திறந்து பார்க்கிற ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைக்குச் செய்த கொடுமையில் பங்காளிதான். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இளம்பெண்களை "எல்லாக் கற்புடன் சகோதரிகளைப்போலவும்" நடத்தச் சொன்னார். அவளைத் தங்கச்சியாக நினைத்துப் பாருங்கள். பிறகு அந்தக் குரூப்பிலிருந்து வெளியேறுங்கள். சிறுவர்களின் படங்கள் வந்தால் அது பாவம் மட்டுமல்ல, வைத்திருப்பதே இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 286அ பிரிவின் கீழ் குற்றம். சேமிக்காமல், எவருக்கும் அனுப்பாமல், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இரண்டாம் படி: ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

"நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று 32ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்கிறார். யாக்கோபு 5:16 இன்னும் நேரடியானது: "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." மன்னிப்பைக் கடவுளிடம் தனியாகக் கேட்டுப் பெறலாம். சொஸ்தத்தை யாக்கோபு இன்னொரு மனுஷனின் காதோடு சேர்த்து வைக்கிறார். பல வருடமாகத் தனியே ஜெபித்தும் விடுதலை இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இந்த வசனத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

யாரிடம் சொல்வது? ஆணென்றால் ஆணிடம், பெண்ணென்றால் பெண்ணிடம். உங்களைவிடச் சில வயது மூத்தவராக, விசுவாசத்தில் நிலைத்தவராக, வாய் காக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. கடைசியாகச் சொன்னதுதான் முதல் தகுதி. நம் சபைகளில் "ஜெபிப்பதற்காகச் சொல்கிறேன்" என்று தொடங்கி ஒருவரின் வாழ்க்கை முழுச் சபைக்கும் தெரிந்துபோவது உண்டு. ஆகவே அந்த ஆள் உங்களிடம் மற்றவர்களைப் பற்றி எப்படிக் கதைக்கிறார் என்று கவனியுங்கள். ஊர்க்கதை கொண்டுவருகிறவர் உங்கள் கதையையும் கொண்டுபோவார். நீங்கள் விரும்பும் பெண்ணிடமோ, ஒன்றாக விழுந்து எழும்பும் அறை நண்பனிடமோ முதலில் சொல்ல வேண்டாம். அவளுக்கு அது தாங்க முடியாத பாரம். அவனோ "எல்லாரும் பார்க்கிறதுதானே மச்சான்" என்று முடித்துவிடுவான்.

கத்தோலிக்கர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. கொழும்பில் இவ்வளவு ஆலயங்கள் இருக்க, உங்களைத் தெரியாத ஒரு சுவாமியிடம் போவதும் எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆலயத்துக்கு ஓடினால் மறுபடியும் ஒளிந்துகொள்கிறீர்கள். ஒரே குருவானவரிடம் தொடர்ந்து போங்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபைகளில் இருப்பவர்கள் ஐயரிடமோ பாஸ்டரிடமோ சொல்லலாம். அவருக்கு முன்னால் நிற்கவே பயம் என்றால் வாலிபர் கூட்டத்தை நடத்தும் அண்ணாவோ அக்காவோ போதும்.

எப்படிச் சொல்வது? செய்தியாக அனுப்பாதீர்கள். "அண்ணா, உங்களோட ஒரு விஷயம் தனியாக் கதைக்கோணும்" என்று மட்டும் அனுப்பி நேரம் கேளுங்கள். அப்படி அனுப்பிவிட்டால் பின்வாங்குவது கடினம், அதுவும் நல்லதே. மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட, நடந்துகொண்டே சொல்வது இலேசு. பின்னேரத்தில் மெரைன் டிரைவில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்தால் கதைக்க வேண்டிய அளவுக்கு நேரம் கிடைக்கும். கடல் இரைச்சலில் வேறெவருக்கும் கேட்காது.

விவரம் தேவையில்லை. எந்தப் படம், என்ன வகை என்று சொல்வது இரண்டு பேருக்கும் கேடு. மூன்று விஷயம் சொன்னால் போதும்: எவ்வளவு காலமாக, ஏறக்குறைய எவ்வளவு அடிக்கடி, கடைசியாக எப்போது. "கொஞ்சம் கண் சோதனை இருக்குது, ஜெபிச்சுக்கொள்ளுங்கோ" என்ற மாதிரிச் சொன்னால் சொல்லாததற்குச் சமம். இன்னது என்று பெயர் சொல்லுங்கள். பிறகு ஒரு ஒழுங்கு கேளுங்கள்: கிழமைக்கு ஒருமுறை, குறித்த நாளில், அவர் உங்களிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். நீங்கள் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: உங்கள் இரவுகளைப் படித்துப் பாருங்கள்

தாவீது விழுந்தது மாடியில் என்று நினைக்கிறோம். 2 சாமுவேல் 11இன் முதல் வசனத்தை வாசியுங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் அவர் எருசலேமில் தங்கிவிட்டார். சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழும்பினார். பிறகுதான் மாடி. செய்ய வேண்டிய வேலை இல்லாமல், கூட இருக்க வேண்டியவர்களைப் பிரிந்து, ஒழுங்கற்ற நேரத்தில் படுத்து எழும்பிய ஒரு நாளில் அவர் விழுந்தார்.

உங்களுடைய அந்த நாள் எது? ஒரு சிறு கொப்பியில் இரண்டு மூன்று கிழமைக்குக் குறித்து வையுங்கள்: என்ன நேரம், எந்த இடம், அதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் என்ன நடந்தது. படங்களைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். கொழும்பில் தனியே வாழும் நம்மவர்களின் கொப்பிகளில் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வரும். யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய்விட்டு இரவு பஸ்ஸில் திரும்பி, வெறுமையான அறையைத் திறக்கும் காலை. வீட்டிலிருந்து காசு கேட்டு வந்த அழைப்பு. புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க முதலாளியிடம் ஏச்சு வாங்கிவிட்டு மேல்மாடியில் பாய் விரிக்கும் நேரம். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று விழித்திருக்கும் நள்ளிரவு. சில இணையப் பக்கேஜ்களில் இரவு நேர டேட்டா என்று தனியாகத் தருகிறார்கள். அதை வீணாக்கக் கூடாது என்று விழித்திருக்கத் தொடங்கியதே பலருக்கு இதன் வாசலாக இருந்திருக்கிறது.

குறித்துப் பார்த்தால் காமத்தைவிடக் களைப்பு, தனிமை, கோபம், அவமானம் ஆகியவையே முன்னால் நிற்பது தெரியவரும். அப்படித் தெரிந்தால் ஜெபமும் மாறும். "ஆண்டவரே, இந்த இச்சையை எடுத்துப்போடும்" என்பதோடு, "ஆண்டவரே, இன்றைக்கு என்னை அவமானப்படுத்தினார்கள், அது எனக்கு வலிக்கிறது" என்றும் சொல்லத் தொடங்குவீர்கள்.

நான்காம் படி: போனை ஒழுங்குபடுத்துங்கள்

இதைப் பக்தி சம்பந்தமில்லாத வேலை என்று தள்ளாதீர்கள். "தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கமாட்டேன்" என்ற 101ஆம் சங்கீதத்தை இன்றைக்குச் செட்டிங்ஸில்தான் கைக்கொள்ள வேண்டும்.

வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றுங்கள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாகத் தரும் குடும்ப வடிகட்டி இது. பெரும்பாலான ஆபாசத் தளங்கள் வீடு முழுவதும் திறக்காது. ரவுட்டரின் கடவுச்சொல்லை வேறொருவர் வைத்திருக்கட்டும். அன்ட்ரொய்ட் போனில் பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்திலும் இதே வடிகட்டியைப் போடலாம். அங்கே இலக்கத்தை ஏற்காது, 'ஃபேமிலி.கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ்.காம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அப்போது மொபைல் டேட்டாவிலும் வேலை செய்யும். ஐபோனில் ஸ்கிரீன் டைம் பகுதிக்குள் வயதுவந்தோர் தளங்களை மட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. அதன் இரகசிய இலக்கத்தை நீங்கள் போடாமல், இரண்டாம் படியில் சொன்ன அந்த ஆளைப் போடச் சொல்லுங்கள்.

விபிஎன் அப்கள் (இணையத் தடைகளைச் சுற்றிப் போக வழி தருபவை) இருந்தால் இந்த டிஎன்எஸ் வடிகட்டி பெரும்பாலும் நிற்காது. 2018, 2019, 2022 ஆகிய வருடங்களில் சமூக வலைத்தளங்களை அரசு முடக்கியபோது நாட்டில் பலர் விபிஎன் போட்டுக்கொண்டார்கள். அது இன்னும் உங்கள் போனில் கிடக்கிறதா என்று பார்த்து அழியுங்கள். டெலிகிராமை வேலைக்கோ படிப்புக்கோ பாவிக்கவில்லை என்றால் கணக்கோடு அகற்றுங்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்கும் ஓட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள்.

எந்த வடிகட்டியையும் நினைத்தால் தாண்டலாம். ஆனால் தாண்டுவதற்கு எடுக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் நமக்குத் தேவை. அதைவிடப் பலன் தருவது, இரவில் போன் படுக்கைக்கு வராமல் இருப்பது. சார்ஜரை அறையின் மறுபக்கத்தில், முடிந்தால் அறைக்கு வெளியே வையுங்கள். காலையில் எழும்புவதற்குப் புறக்கோட்டையில் மலிவான அலாரம் மணிக்கூடு ஒன்று வாங்கினால், போன் பக்கத்தில் வேண்டும் என்ற சாட்டும் போய்விடும்.

ஐந்தாம் படி: அந்த நேரம் வரும்போது

யோசேப்பு போத்திபாரின் மனைவியோடு விவாதித்துக்கொண்டு நிற்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார். இச்சை ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு இறங்கும். அதற்கு இணங்காமல் இருந்தால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்க மட்டும் வழி வேண்டும். எழும்புங்கள், விளக்கைப் போடுங்கள், அறைக் கதவைத் திறவுங்கள், முகம் கழுவுங்கள். அந்த ஆளுக்கு அழையுங்கள். நடு இரவென்றால் "இப்ப கஷ்டமா இருக்கு, ஜெபியுங்கோ" என்று ஒரு குரல் செய்தி போதும். பிறகு போனை அறைக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள். முழங்காலில் நின்று அதே நினைப்போடு மல்லுக்கட்டுவதைவிட, எழும்பி நடந்துகொண்டே ஒரு சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்வது உதவும். "சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்கிறது 1 கொரிந்தியர் 10:13. அந்தப் போக்கு பல இரவுகளில் அறைக் கதவாகவே இருக்கும்.

ஆறாம் படி: வெறுமையை நிரப்புங்கள்

அசுத்த ஆவி புறப்பட்டுப் போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தது, ஆனால் வெறுமையாய் இருந்தது. அதனால் வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. மத்தேயு 12இல் இயேசு சொன்ன இந்தக் கதையைப் போனைச் சுத்தமாக்கியவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். 2 தீமோத்தேயு 2:22இல் பவுல் இச்சைகளுக்கு விலகி ஓடச் சொன்ன கையோடு, "சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே" நல்லவற்றை நாடச் சொல்கிறார். யாரோடு என்பதும் கட்டளையில் இருக்கிறது.

கொப்பியில் கண்ட ஆபத்தான நேரங்களில் ஆட்களை வையுங்கள். சனிக்கிழமை பின்னேரம் பாடகர் குழுப் பயிற்சி. செவ்வாய் வேலை முடிந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். ஞாயிறு மத்தியானம் அறையில் தனியே சாப்பிடாமல் ஒரு குடும்பத்தின் வீட்டில் சாப்பாடு. (கொழும்பில் வீடு உள்ள குடும்பங்களே, போடிங் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். எத்தனையோ பிரசங்கங்களைவிட அது அவர்களைக் காக்கும்.) நித்திரை சரியாகக் கொள்ளுங்கள், உடம்பை அசையுங்கள். இவற்றை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஏழாம் படி: விழுந்தால்

விழலாம். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" என்று நீதிமொழிகள் 24:16 சொல்கிறது. விழுந்தால் தாமதிக்காமல் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, "எப்படியும் விழுந்தாச்சு" என்று அந்த இரவு முழுக்கத் தொடராமல் உடனே நிறுத்துங்கள். இரண்டு, அடுத்த நாள் முடிவதற்குள் அந்த ஆளிடம் சொல்லுங்கள். கிழமைச் சந்திப்பு வரும்வரை வைத்திருந்தால் அது மறுபடியும் இரகசியமாகிவிடும். மூன்று, எந்த இடத்தில் வழி திறந்திருந்தது என்று பார்த்து அதை அடைத்துவிடுங்கள்.

நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதை நான் ஊக்கப்படுத்துவதில்லை. நீண்ட எண்ணிக்கை ஒன்று உடையும்போது பலர் எல்லாம் பாழ் என்று கைவிட்டுவிடுகிறார்கள். முன்பு தினமும் விழுந்தவர் இன்று மாதத்தில் ஒருமுறை விழுந்து, அன்றே எழும்பி ஒளிக்காமல் சொல்கிறார் என்றால் ஆவியானவர் அவருக்குள் வேலை செய்கிறார். ஆலயத்துக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து. "இயேசுகிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி, நம்மைச் சுத்திகரிக்கும்" என்று யோவான் எழுதியது ஒளியில் நடக்கிறவர்களுக்கு. ஒளியில் நடப்பவர்களுக்கும் சுத்திகரிப்புத் தேவை என்று அந்த வசனமே ஒத்துக்கொள்கிறது.

திருமணமானவர்களுக்கு

மனைவியிடமோ கணவரிடமோ சொல்லத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மனப்பாரத்தை இறக்கிவைப்பதற்காக, ஒரு இரவில் திடீரென்று அவர் தலையில் போடாதீர்கள். முதலில் போதகரிடம் பேசி, உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். "நீ அன்பாக இல்லாததால்தான்" என்ற பேச்சு வாயில் வரவே கூடாது. அவர் அழுவார், கோபிப்பார், பல மாதம் நம்பாமலும் இருப்பார். அதைப் பொறுத்துக்கொள்வதும் மனந்திரும்புதலின் பங்கு. உங்களைக் கண்காணிக்கும் வேலையை அவர் தலையில் வைக்காதீர்கள், அதற்கு வேறு ஆள் இருக்கட்டும்.

வைத்தியரிடம் போக வேண்டியது எப்போது

உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்ற ஒன்றை அது ஏற்றுக்கொள்கிறது. நிறுத்தப் பலமுறை முயன்றும் முடியாமல், ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து, வேலை, படிப்பு, உறவு போன்றவற்றைப் பாதித்தால் அதைக் கவனிக்க வேண்டும். இது பிழை என்ற மனச்சாட்சியின் வேதனை மட்டும் இருந்தால் அந்தக் கோளாறு என்று சொல்ல முடியாது என்றும் அதே வகைப்பாடு எச்சரிக்கிறது. ஆகவே எல்லோரும் தங்களை நோயாளி என்று பெயரிட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் மேலே சொன்ன அளவுக்குப் போயிருந்தால், மனநல வைத்தியரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று எண்ணவும் வேண்டாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். வெட்கத்தால் உயிரை விடும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1926க்கோ 1333 என்ற ஆலோசனை இலக்கத்துக்கோ அழையுங்கள், பக்கத்தில் இருக்கும் ஆளை எழுப்புங்கள். வீடியோ அழைப்பைப் பதிவுசெய்து காசு கேட்டு எவராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள். செய்திகளை அழிக்காமல் பொலிஸின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவில் முறையிடுங்கள்.

ஒருவர் உங்களிடம் வந்து சொன்னால்

சில மாதத்தில், அல்லது சில வருடத்தில், வேறொரு தம்பியோ தங்கச்சியோ உங்களிடம் வரலாம். கலாத்தியர் 6:1 "சாந்தமுள்ள ஆவியோடே" அப்படிப்பட்டவரைச் சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது, உங்களைக் குறித்தும் எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறது. அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். உடனே வசனம் சொல்லாதீர்கள். முழுக்கக் கேட்டு முடித்து, "சொன்னதற்கு நன்றி" என்று சொல்லுங்கள். விவரம் கேட்காதீர்கள். அவரோடு அங்கேயே சுருக்கமாக ஜெபியுங்கள். கேட்டதை உங்கள் மனைவியிடமும் கணவரிடமும் சொல்லாதீர்கள், ஜெபக்குழுவில் பெயர் சொல்லாமல்கூடக் குறிப்பிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆபத்து, அல்லது அவர் உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும், அவரிடமே சொல்லிவிட்டு உதவி தேடுங்கள். அடுத்த சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்துவிட்டுப் பிரியுங்கள். அந்த நாள் வந்தால் அவர் அழைக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அழையுங்கள்.